பச்சோந்திக்குச் சுகமில்லை என்று எப்படித் தெரியும்? வன்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“அண்ணை, பாவம், இது நல்ல நித்திரை. எழுப்ப மனமில்லாமல் அப்படியே கொண்டு வந்தனான்.”

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதமும் ஆகாத ரீச்சர் ஒருவர் பிஸ்கற் பெட்டியொன்றைத் திறந்து காட்டினார். நேரம் பகல் பதினொரு மணி. பெட்டிக்குள் ஒரு பச்சோந்தி இரண்டு கண்ணையும் மூடிக் கிடந்தது.

பச்சோந்தி பகலில் நித்திரை கொள்ளாது. இருட்டுப்பட்டால் கண் மூடும், விடிந்தால் திறக்கும். இடைப்பட்ட நேரம் முழுக்க ஒரு கண் முன்னுக்கும் மற்றது பின்னுக்குமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். பட்டப்பகலில் கண் மூடிக் கிடந்தால் அதற்குக் கடும் வருத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஒன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

நான் மிருக வைத்தியன் இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் வளவு வைத்திருக்கிறேன். மீள்குடியேறி வந்து, காடு பற்றிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கிய நாளிலிருந்து வேலியிலும் றோட்டிலும் அடிபட்டும் கடிபட்டும் கிடந்த பச்சோந்திகளைத் தூக்கி, தெரிந்தவர்களைக் கேட்டு, சிலதைக் காப்பாற்றி, சிலதைப் பறிகொடுத்துக் கற்றதுதான் இங்கே இருப்பது.

முதலில், இது பச்சோந்திதானா?

இங்கே சிலர் பச்சை நிற ஓணானையும் பச்சோணான் என்பார்கள், பச்சோந்தியையும் அப்படியே சொல்வார்கள். அதனால் புதிதாக வந்தவர்கள் குழம்பிவிடுகிறார்கள். கிட்டப் போனதும் சரசரவென்று ஓடி மறைந்தால் அது ஓணான். பச்சோந்தியால் ஓட முடியாது. காற்றில் அசையும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கும். விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக் குறடு போல இருக்கும். வால் உள்ளே சுருளும். தலையின் பின்பக்கம் கூம்பாக எழும்பி நிற்கும். வளர்ந்தது வாலோடு சேர்த்து ஒரு அடிக்கு மேல் வரும்.

இலங்கைக் காடுகளில் வாழும் பச்சோந்தி ஒரே ஓர் இனம்தான். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும்கூட அது உண்டு. ஆனால் 1768 இல் லோரன்ரி என்பவர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது எங்கள் தீவின் பெயரைத்தான் அதில் சேர்த்தார். உலர் வலயத்துப் பற்றைக்காடும் வேலியோரமும்தான் அதன் இருப்பிடம். நஞ்சு ஒரு துளியும் கிடையாது. கறுத்து, உடம்பை ஊதி, வாயைத் திறந்து சீறுவதைப் பார்த்துப் பயந்து அடித்துக் கொல்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்காத விஷயம். மெதுவாக நடக்கிற ஒரு பிராணிக்குத் தன்னைக் காப்பாற்ற வேறு என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பச்சோந்தியை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பிற்காலத்தில் அதற்கு வந்த திருத்தங்களும் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்கின்றன. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று நல்ல சுகமாக இருப்பதைப் பிடித்துக் கொண்டுவராதீர்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான். ஒரு கிழமைக்குள் அது சாப்பாட்டை விட்டுவிடும், பிறகு வருத்தக்காரப் பச்சோந்தி ஒன்றை வைத்துக்கொண்டு அந்தரப்படுவீர்கள். இந்தக் கட்டுரை உண்மையாகவே சுகமில்லாமல் கண்டெடுத்த ஒன்றை, உரிய கைகளில் ஒப்படைக்கும்வரை உயிரோடு வைத்திருப்பதற்கு.

தொடாமல் பாருங்கள்

பச்சோந்தி தன் வருத்தத்தை மறைக்கும். பருந்தும் செண்பகமும் பாம்பும் பூனையும் தேடித் திரிகிற இடத்தில், சோர்ந்து காட்டுகிறதுதான் முதலில் இரையாகும். அதனால் கடைசிப் பலம் இருக்கும்வரை கிளையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். அது நிலத்தில் விழுந்து கிடப்பதை நீங்கள் காணும் நாளில் வருத்தம் தொடங்கிப் பல நாளாகியிருக்கும், சிலவேளை பல கிழமை. ஆகவே சின்ன அடையாளங்களையும் சின்னதாக நினைக்கக்கூடாது.

கண்டவுடன் கையை நீட்ட வேண்டாம். ஏழெட்டு அடி தள்ளி நின்று பத்து நிமிடம் பாருங்கள். ஆளைக் கண்ட பயத்தில் நிறமும் மூச்சும் மாறிவிடும். பயம் தெளிந்த பிறகு தெரிவதுதான் அதன் உண்மையான நிலை.

கண்ணில் தொடங்குங்கள். சுகமான பச்சோந்தியின் கண் கோபுரம் உருண்டையாக வெளியே தள்ளி நிற்கும். அது உள்ளே இறங்கி, சுற்றிவரக் குழி விழுந்திருந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை. ஆடி, ஆவணியில் சோழகக் காற்று அடித்து, குளமெல்லாம் வற்றி, இலையில் பனியும் படியாத நாட்களில் நான் அதிகம் காண்பது இதைத்தான். ஒரு கண் மட்டும் வீங்கி மூடியிருந்தால் தூசியோ முள்ளோ உள்ளே போயிருக்கலாம், அல்லது கண்ணில் கிருமி பிடித்திருக்கலாம். இரண்டு கண்ணும் மூடியிருந்தால் என்ன அர்த்தம் என்று முன்பே சொன்னேன்.

அடுத்தது பிடி. இது கண்ணுக்குச் சமமான அடையாளம். நல்ல பச்சோந்தி கிளையை நான்கு காலாலும் இறுக்கி, வாலையும் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். வயிறு கிளையில் படாமல் உடம்பைத் தூக்கித்தான் நடக்கும். வயிறு கிளையில் படிந்து கிடக்கிறதா? கால் எட்டி வைக்கும்போது பிடி தவறுகிறதா? வால் சுருளாமல் கயிறு மாதிரித் தொங்குகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் பலம் குறைந்துவிட்டது.

நிறம்தான் எல்லாருக்கும் முதலில் தெரிவது, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. காலையில் வெயில் காயும்போது கறுக்கும், அதுவும் வெயில் படுகிற பக்கம் மட்டும். இன்னொரு பச்சோந்தியைக் கண்டால் புள்ளியும் பட்டையும் எழும்பும். இரவில் நித்திரையில் வெளிறிப் போகும், ரோச் அடித்தால் இலைகளுக்குள் வெள்ளையாகத் தெரியும். இதெல்லாம் இயல்பு. சூடேறிய மத்தியானத்தில், ஒருவரும் தொந்தரவு செய்யாதபோதும் கறுத்தே கிடந்தால், அல்லது சாம்பல் பூத்து நிறமே மாறாமல் இருந்தால் யோசிக்க வேண்டும்.

மூச்சைக் கவனிக்கும்போது சூட்டையும் யோசியுங்கள். கடும் வெயிலில் வாயைத் திறப்பது உடம்பைத் தணிக்க. நிழலுக்கு வந்த பிறகும் தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால், மூச்சோடு டக் டக் என்று சின்னச் சத்தம் கேட்டால், மூக்கிலோ வாயோரத்திலோ சளிக் குமிழி தெரிந்தால் அது நுரையீரல் வருத்தம். மாரியில் நாலைந்து நாள் வெயிலே படாமல் மழை கொட்டிய பிறகு இப்படி ஒன்று வந்து அகப்படும்.

எச்சம் கிடைத்தால் அதையும் பாருங்கள். கறுப்போடு வெள்ளையாக ஒரு கட்டி சேர்ந்து வரும். அந்தக் கட்டிதான் அதன் சிறுநீர். வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதும், மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்தால் தண்ணீர் காணாது. நான் பெட்டிக்குள் வெள்ளைக் கடதாசி விரிப்பது இதற்காகத்தான்.

வருத்தம் என்று தவறாக நினைப்பவை

தோல் துண்டு துண்டாக வெள்ளையாக உரிந்து தொங்கும். பாம்பு மாதிரி ஒரே சட்டையாகக் கழற்றாது. தானே விழுந்துவிடும், இழுத்து உரித்தால் கீழே இருக்கிற புதுத் தோல் கிழியும்.

வயிறு பெருத்த ஒன்று மரத்தை விட்டிறங்கி நிலத்தில் அலைந்தால், மண்ணைக் கிண்டினால், அது பெண், முட்டையிட இடம் தேடுகிறது. பாவம், களைத்துவிட்டது என்று தூக்கிக் கொண்டுபோய் மரத்தில் விடுகிறார்கள். அதைவிடக் கேடு வேறில்லை. முட்டையிட முடியாமல் அடக்கி வைத்தால் அது செத்தும் போகும். நாயையும் பூனையையும் கட்டிப்போட்டுவிட்டு நீங்களும் தள்ளிப் போங்கள். ஆனால் நாலைந்து நாளாகக் கிண்டிக் கிண்டி விட்டுவிட்டு, பிறகு கண் மூடிச் சோர்ந்து கிடந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அது அவசரம்.

எடுப்பதும் வைப்பதும்

சரி, வருத்தம்தான் என்று தெரிந்துவிட்டது. இனித் தூக்க வேண்டும்.

மேலிருந்து கையைக் கொண்டுபோகாதீர்கள், பருந்து வருகிறது என்று நினைக்கும். பெருவிரல் மொத்தத்தில் ஒரு தடியை அதன் முன்னங்காலுக்குக் கீழே மெதுவாகக் கொடுங்கள். பலமிருந்தால் தானே ஏறும். ஏறாவிட்டால் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை விட்டுத் தாங்கி எடுங்கள். கிளையைப் பிடித்திருந்தால் இழுக்க வேண்டாம், கிளையோடு வெட்டி எடுங்கள். இழுத்தால் நகமும் விரலும் போகும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பல்லியின் வால் போல அது கழன்று திரும்ப முளைக்காது, முறிந்தால் முறிந்ததுதான். தொட்ட பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஊர்வனவற்றில் மனிதருக்கு வயிற்றோட்டம் கொடுக்கிற சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். பிள்ளைகள் கை கழுவும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

மட்டைப் பெட்டி ஒன்று எடுத்துப் பக்கங்களில் விரல் மொத்தத்தில் துளை போடுங்கள். உள்ளே ஒரு கிளையைக் குறுக்காக, ஆடாமல், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் செருகுங்கள். பிடிக்க ஏதாவது இருந்தால்தான் அது அமைதியாகும். கண்ணாடித் தொட்டியும் பிளாஸ்ரிக் வாளியும் வேண்டாம், உள்ளே சூடு ஏறிவிடும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் வன்னியில் பெரிய கேள்வி. தகரக் கூரை வீட்டுக்குள் மத்தியானம் வைத்தால் அவிந்துபோகும். வேம்பின் கீழோ மாமரத்தின் கீழோ, காற்றோட்டமான நிழலில், நாயும் பூனையும் கோழியும் எறும்பும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பெட்டியைத் தொங்கவிடுகிற கயிற்றில் கொஞ்சம் கிறீஸ் பூசினால் எறும்பு வராது. வருத்தக்காரப் பச்சோந்தியை எறும்பு உயிரோடு தின்றுவிடும், அதை ஒருமுறை பார்த்தவன் மறக்கமாட்டான். இரவில் வாடைக் குளிர் இருந்தால் பெட்டியைத் திண்ணைக்குள் எடுத்து, மேலே துவாய் ஒன்றைப் போடுங்கள். அதன் உடம்புக்குச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

பிறகு விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது, அயலட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, படமெடுத்து அனுப்புவது எல்லாம் அதற்கு வருத்தத்தின் மேல் வருத்தம்.

தண்ணீர்: நான் விட்ட பிழை

நான் முதன்முதல் எடுத்த பச்சோந்தி கண் குழிந்து கிடந்தது. தண்ணீர் இல்லாத வருத்தம் என்று சரியாகவே விளங்கியது. ஊசிக் குழாயில் தண்ணீர் எடுத்து, வாயை நகத்தால் நெம்பித் திறந்து விட்டேன். அது தலையை உதறியது, மூக்கில் சின்னக் குமிழி ஒன்று வந்து வெடித்தது. குடித்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன். விடிய முன்னம் செத்துப் போயிருந்தது. மூச்சுக் குழாயின் வாய் நாக்கோடு ஒட்டி, வாயின் முன்பக்கமே இருக்கிறது. வலிந்து ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போயிருக்கிறது. அது தாகத்தில் போயிருக்கலாம், ஆனால் நான் ஊற்றியதால் போனது.

பச்சோந்திக்குக் கிண்ணத்தில் இருக்கிற தண்ணீர் தண்ணீராகவே தெரிவதில்லை. இலையில் உருளுகிற துளியைத்தான் அது நக்கிக் குடிக்கும். ஆகவே யோகட் கப் ஒன்றின் அடியில் குண்டூசியால் துளை போட்டு, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, இலை நிறைந்த கொப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். சொட்டுச் சொட்டாக இலையில் விழட்டும். பச்சோந்தியை அந்தக் கொப்பில் ஏற்றிவிட்டுத் தள்ளி இருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. கால் மணி, அரை மணி கழித்து ஒரு கண் துளியின் பக்கம் திரும்பும், தாடை அசையும். குடிக்கத் தொடங்கினால் நீண்ட நேரம் குடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள். நிற்க முடியாத அளவு பலவீனமாக இருந்தால் உதட்டோரத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நாக்கை நீட்டி நக்கினால் இன்னொரு துளி. நக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

சாப்பாடு வேண்டாம். முதல் நாள் கட்டாயம் வேண்டாம். உடம்பில் சூடும் தண்ணீரும் இல்லாதபோது வயிற்றுக்குள் போன பூச்சி செரிக்காமல் கெட்டுப்போகும். சோறு, பால், வாழைப்பழம், முட்டை எதுவும் எப்போதும் வேண்டாம், அது பூச்சி தின்கிற பிராணி. தண்ணீர் குடித்துத் தெளிந்து, ஒப்படைக்க இரண்டு நாள் பிந்தினால் மட்டும், மருந்தடிக்காத இடத்தில் பிடித்த சின்ன வெட்டுக்கிளி ஒன்றைக் கொப்பில் விட்டுப் பாருங்கள்.

காயம், நஞ்சு, நெருப்பு

பூனை கடித்தது என்றால் காயம் ஊசிமுனை அளவுதான் தெரியும், “ஒண்டுமில்லை” என்று விட்டுவிடுவார்கள். பூனைப் பல்லில் இருக்கிற கிருமி உள்ளே போய் இரண்டு மூன்று நாளில் கொல்லும். அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டிய கேஸ் அது.

வெளிக்காயத்துக்குக் கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு மட்டமாகக் கரைத்து, அதை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். அவ்வளவுதான். மஞ்சள், சுண்ணாம்பு, தேங்காயெண்ணெய், டெற்றோல், மண்ணெண்ணெய் எதுவும் பூசாதீர்கள். அன்போடு பூசிய மண்ணெண்ணெயில் வெந்துபோன ஒன்றை நான் கையில் வாங்கியிருக்கிறேன். இலையான் மொய்க்காமல் பெட்டியின் மேல் பழைய நுளம்பு வலைத் துண்டைக் கட்டுங்கள், காயத்தில் முட்டையிட்டால் அடுத்த நாள் புழு. பனடோலும் கோழிக்குக் கொடுக்கிற பூச்சி மருந்தும் உங்கள் வீட்டில் இருக்கலாம், அவற்றைப் பக்கத்தில்கூடக் கொண்டுவர வேண்டாம்.

வயலோரத்தில் எடுத்தது நடுங்கி, எச்சில் வடித்து, கால் இழுத்துக் கிடந்தால் வயலுக்கு அடித்த மருந்தை யோசியுங்கள். காலபோகப் பயிர் வளர்ந்து மருந்தடிக்கிற நாட்களில் இது வரும். கையுறையோ சொப்பின் பையோ கையில் போட்டுக்கொண்டு, குளிரில்லாத சுத்தமான தண்ணீரால் உடம்பை மெதுவாகக் கழுவுங்கள். தலையை மேலே வையுங்கள், வாயில் தண்ணீர் போகக்கூடாது. என்ன மருந்து என்று போத்தலின் லேபலைப் படமெடுத்து வைத்தால் வைத்தியருக்கு உதவும்.

காணி துப்புரவாக்கிப் பற்றைக்கு நெருப்பு வைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓணான் ஓடித் தப்பும், பச்சோந்தியால் முடியாது. கொளுத்த முன்னம் ஒருமுறை குவியலைத் தடியால் கிளறிப் பாருங்கள்.

யாரிடம் ஒப்படைப்பது

வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. எங்கே, எப்போது, எந்த நிலையில் கண்டெடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்றும் கேளுங்கள். சுண்டிக்குளமும் மடுவீதியும் 2015 இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை, அந்தப் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள உத்தியோகத்தர்களிடமும் சொல்லலாம். வர நேரமாகும் என்றால் உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போன் பண்ணிவிட்டுப் போங்கள். அவர்கள் நாள் முழுக்க மாட்டோடும் ஆட்டோடும் நிற்பவர்கள். சொல்லாமல் போனால் காத்திருக்க வேண்டிவரும். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் பெட்டியை உங்களுக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் வையுங்கள், எதிர்க்காற்றும் வெயிலும் படக்கூடாது.

வெளிநாட்டில் வளர்க்கிற எங்கள் பிள்ளைகளுக்கு

கனடாவில் இருக்கிற மருமகன் ஒருநாள் வீடியோவில் எடுத்தான். அங்கே யேமன் பச்சோந்தியைக் கடையில் வாங்கி வளர்க்கலாம். “மாமா, மூண்டு நாளாச் சாப்பிடேல்ல. நாக்கை நீட்டுது, எட்டேல்ல.” கமராவைக் கிட்டப் பிடிக்கச் சொன்னேன். முன்னங்கால் வில்லாக வளைந்திருந்தது. தாடை நேராக மூடவில்லை. கிளை மாறும்போது கால் நடுங்கியது.

எங்கள் காட்டுப் பச்சோந்தியில் நான் காணாத வருத்தம் அது. வெயிலில் இருக்கிற புறஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் விட்டமின் டி உண்டாகி, சாப்பாட்டில் உள்ள கல்சியம் எலும்பில் சேரும். மருமகன் கூட்டை யன்னலோரம் வைத்திருந்தான், வெயில் வருகிறதே என்று. யன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதற்கென்று இருக்கிற யூவிபி குழாய் விளக்கு வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால் உற்பத்தி செய்தவர் சொல்லும் காலத்தில் மாற்றவும் வேண்டும். பூச்சிக்குக் கல்சியத் தூள் தூவிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் இனி வராமல் தடுக்க. கால் வளைந்த பிறகு கல்சியத்தை நீங்களாகக் கூட்டிக் கொடுக்காமல், ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். அவன் கொண்டுபோனான். கால் நிமிரவில்லை, ஆனால் இப்போது தானே குறிபார்த்துப் பிடித்துச் சாப்பிடுகிறது.

திரும்ப விடுவது

சுகமான பச்சோந்தியை எடுத்த இடத்திலேயே விட வேண்டும். அதனால் எடுக்கும்போதே கண்டெடுத்த மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காடு என்று தூரத்தில் கொண்டுபோய் விட்டால் அதற்குத் தண்ணீரும் தெரியாது, ஒதுங்குமிடமும் தெரியாது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு, வெயில் ஏறத் தொடங்கும்போது விடுங்கள், உடம்பு சூடாகி இடம்பிடிக்க ஒரு பகல் முழுக்கக் கிடைக்கும். விடுகிற ஆவலில் பற்றைக்குள் தூரம் போகாதீர்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ நாடாவோ கட்டியிருந்தால் ஓர் அடியும் உள்ளே வைக்க வேண்டாம், மிதிவெடி எடுத்து முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. றோட்டோரத்து மரம் போதும்.

ரீச்சர் கொண்டுவந்தது அன்று பின்னேரம் நாலரைக்கு ஒரு கண்ணைத் திறந்தது. துளி விழுகிற இலையை நக்கத் தொடங்கி, இருட்டும்வரை நிறுத்தவில்லை. அடுத்த நாள் திணைக்களத்துக்காரர் வந்து கொண்டுபோனார்கள். இரண்டரைக் கிழமை கழித்துத் திரும்பக் கொண்டுவந்தபோது ரீச்சர்தான் மரத்தைக் காட்டினார், அவருடைய விடுதி வேலியில் மூன்றாவது கிளுவை. பெட்டியிலிருந்து நீட்டிய தடியை விட்டுக் கிளைக்கு மாற அது நேரம் எடுத்தது. ஒரு காலைத் தூக்கி, ஆடி, வைத்து, வாலைத் தடியிலிருந்து கழற்றிக் கிளையில் சுற்றிக்கொண்டது. மூன்றாம் பாடத்துக்கு மணி அடிக்கும்வரை ரீச்சர் அங்கேயே நின்றார்.